நாய்க்குட்டி தெரியும் வரை

இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன எங்கள் லாங்டன் ஊர் ஆட்களை எந்த ஓட்டலிலும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மேசையில் தட்டு வந்ததும் அதைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பார்கள். யார் செய்தது, எங்கே சுட்டது என்று தெரியாமல் எங்களுக்கு ஒரு வாய் உள்ளே இறங்காது. என் தங்கை பெரில் கல்யாணமான புதிதில் லாண்டட்னோ கடற்கரை விடுதி ஒன்றில் இதையே செய்தாள். தட்டில் சூப் இருந்ததை மறந்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஹோரஸின் மடி முழுக்கச் சூப். புது மாப்பிள்ளை, கோபம் வந்திருக்க வேண்டும். அவனோ கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "யார் செஞ்சது, பாத்தியா?" என்று கேட்டானாம்.

அவன் இவன் என்கிறாளே என்று பார்க்காதீர்கள். ஹோரஸ் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். தங்கை புருஷன் ஆகிவிட்டான் என்பதற்காகப் புதிதாக மரியாதை கொடுக்க என்னால் முடியாது.

அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய நீலப் பீங்கான். வெள்ளைத் தட்டில் நீல மையால் படம் அச்சிட்டு, மேலே மெருகு பூசிச் சுட்டது. எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முந்தியது. பாலம், கோட்டை, மாடு, மரம், ஆறு என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஊரே இருக்கும். சந்தைக்குள் பழைய பீங்கான் கடை வைத்திருப்பவள் நான்தான். ஆனால் எனக்கு அது வியாபாரம், சாயங்காலம் கடையைச் சாத்தினால் மறந்துவிடுவேன். அவன் வீட்டிலோ சமையலறைச் சுவர், முன்னறைச் சுவர், மாடிப்படி ஓரம் எங்கே பார்த்தாலும் நீலத் தட்டுகள் கம்பிக் கொக்கியில் தொங்கும்.

இவ்வளவு தட்டு இருக்கிற வீட்டில் எதில் சாப்பிட்டார்கள் தெரியுமா? சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளைத் தட்டில். சுவரில் இருப்பதை இறக்கி ஒரு பிஸ்கட் வைத்தால்கூட அவனுக்கு உயிர் போய்விடும். கத்தி பட்டால் கீறல் விழும், குழம்பு பட்டால் கறை இறங்கும் என்பான். பெரில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தவள். பகலெல்லாம் தட்டு தட்டாக நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, தொடக்கூடாத தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

"இவன் பேசாம ஒரு தட்டையே கட்டியிருக்கலாம்டி" என்று நான் சீண்டுவேன்.

"தட்டு அவனுக்கு டீ போட்டுத் தருமா?" என்று சிரிப்பாள்.

இருந்ததிலேயே உசத்தியான தட்டு சமையலறையில், சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே தொங்கியது. 'படகுக்காரன்' என்போம். ஆற்றில் ஒருவன் படகு தள்ளிக்கொண்டு போவான். பின்னால் கோட்டை. இந்தப் பக்கக் கரையில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் படம் போட்ட தட்டு எங்களுக்குத் தெரிந்து வேறு யாரிடமும் கிடையாது. ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில், அழுக்குக் கூடைக்கு அடியில் கிடந்ததை ஹோரஸ்தான் எடுத்தான், நானும் கூட இருந்தேன். விரல் நுனியில் நிறுத்தி, நகத்தால் சுண்டினான். கணீரென்று மணி போல் ஒலித்தது. முழுத் தட்டு அப்படித்தான் ஒலிக்கும். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். வாங்கும்போது இப்படிச் சுண்டிப் பார்க்காத ஆள் எங்கள் மத்தியில் கிடையாது. வாங்கி வந்து சுவரில் மாட்டிய பிறகு சுண்டிப் பார்க்கிற ஆளும் கிடையாது.

அவன் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சேகரிக்கிறவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் அதைச் சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒரு வருஷம் அவன் லண்டன் பக்கம் பீங்கான் கண்காட்சிக்குப் போய் ஒரு வாரம் தங்கினான். திரும்பி வந்தால் சமையலறைச் சுவருக்குப் புதுப் பெயிண்ட். பெரில் தனியாளாக அத்தனை தட்டையும் இறக்கி, பெயிண்ட் அடித்து, காயவிட்டு, அதனதன் இடத்தில் திரும்ப மாட்டியிருந்தாள்.

"ஒரு தட்டுல ஒரு கீறல் விழல! எவன் பொண்டாட்டி செய்வா இதை?" என்று முடிப்பான்.

பெரில் பக்கத்தில் நின்று டீ ஊற்றிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தோம்.

அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. ஆனால் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த அவன் தங்கை மகள், ஓடுகிற வேகத்தில் ஒரு பழைய நீலக் குழம்புக் கிண்ணத்தைத் தட்டி உடைத்துவிட்டாள். அவன் துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஈஸ்டர் நெருங்கும்வரை அந்த வீட்டில் பேச்சே இல்லை. யார் மேலும் கோபம் இல்லை, வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம் என்று எனக்கு அப்போதே பட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெரிலுக்கு மறதி நோய் வந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் தெருக்கள், அப்புறம் நாங்கள். சில நாள் நான் அவள் அக்கா. சில நாள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. "உருளைக்கெழங்கு இன்னும் வேகலையா? பசங்க வந்துட்டாங்க பாரு" என்று என்னை அதட்டுவாள். அதையெல்லாம் சிரித்துச் சமாளித்தோம். சாப்பாட்டை நிறுத்தினாள் பாருங்கள், அதைத்தான் சமாளிக்க முடியவில்லை. தட்டை வைத்தால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வாள். கண் முன்னாலேயே உருகிக்கொண்டு வந்தாள். கல்யாண மோதிரம் ஒருநாள் தானாகக் கழன்று, பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. ஹோரஸ் குழாயைக் கழற்றி அதை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருநாள் அவள் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளைத் தட்டுல வெள்ளை மீனு, வெள்ளை உருளைக்கெழங்கு. இவங்க கண்ணுக்கு அங்க சாப்பாடு இருக்கறதே தெரியாதும்மா. நீலக் கலர்ல ஏதாவது ஒரு தட்டு வாங்கிப் பாருங்களேன்."

சுவர் நிறைய நீலத் தட்டுகள் தொங்க, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள் அந்தப் பெண். நான் ஹோரஸைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

மறுநாள் கடைக்குப் போய் நீலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கி வந்தான். அவனை அங்கேயே கொன்றிருப்பேன்.

பெரில் அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்தாள். பழக்கம் எங்கே விடும், முத்திரை பார்க்கக் கவிழ்த்தாள். மசித்த கிழங்கும் குழம்பும் மேசை முழுக்க வழிந்தது.

"இது நம்ம ஊர்ச் சரக்கே இல்ல" என்று தள்ளிவிட்டாள்.

"எல்லாம் மறந்தாலும் இது மறக்கல பாரு" என்றேன். ஹோரஸ் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் அவள் பார்வை சுவரிலேயே இருந்தது.

"நோரி, அந்த நாய்க்குட்டிக்கு யாராவது சாப்பாடு வெச்சாங்களா?"

என் பெயர் நொரீன். நோரி என்று அவள் கூப்பிட்டு மாசக்கணக்காகியிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"நொரீன், என்ன பண்றே? அதைத் தொடாதே. வேற எதையாவது எடு. நொரீன்!"

"வேற எதுல நாய் இருக்குன்னு சொல்லு, எடுக்கறேன்."

"அது உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு!"

"பெரில் எத்தனை இருக்கா?"

நான் தட்டை இறக்கிக் கழுவி, மாட்டிறைச்சிக் குழம்பை நாய் மேலேயே ஊற்றினேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் அம்மா இப்படித்தான் சாப்பிட வைப்பாள். லாங்டனில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான். வீட்டில் இருந்ததெல்லாம் விளிம்பு உடைந்த மலிவுத் தட்டுகள், ஆனால் எல்லாவற்றிலும் சாப்பாட்டுக்கு அடியில் ஒரு படம் இருக்கும்.

"தட்டைக் காலி பண்ணு பெரில். அடியில யாரு ஒளிஞ்சிருக்கான்னு பாக்கலாம்."

அவள் கரண்டியை எடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள், தள்ளியதை வாயில் வைத்தாள். கோட்டை வந்தது. படகு வந்தது. ஹோரஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் குழம்பை வழித்து, "இங்க இருக்கான்!" என்று கத்தினாள் பாருங்கள், நான் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவ வேண்டியதாயிற்று.

மறுநாள் அவளுக்கு நாய் இருந்ததே நினைவில்லை. அதுவே எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. தினமும் தேடினாள், தினமும் கண்டுபிடித்தாள், தினமும் அதே சந்தோஷம். முதல் வாரம் ஹோரஸ் பக்கத்திலேயே காவல் நின்றான். இறைச்சியைப் பலகையில் தனியாக நறுக்கிப் போட்டான், தட்டில் கத்தி படக் கூடாதாம். கரண்டியும் மரக் கரண்டிதான். அப்புறம் அது போய் இரும்புக் கரண்டி வந்தது. அப்புறம் ஒருநாள் நான் போனபோது அவனே நாய் மேல் கஸ்டர்ட் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"குழம்பைவிட கஸ்டர்ட்ல நல்லா மறையுது" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.

பெரில் தேறினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது, மோதிரம் விரலில் நின்றது. அந்த இலையுதிர் காலத்தில்தான் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன். அதற்கு முன் பார்த்த நினைவில்லை.

ஆனால் சேகரிக்கிறவன் கண் சும்மா இருக்குமா? குளிர் ஆரம்பிக்கும்போது தட்டின் குறுக்கே மங்கலாக ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. கோட்டையில் ஆரம்பித்து ஆற்றைக் கடந்து கரைக்கு வந்தது. குழம்புக் கறை இறங்குகிறது என்றான். மெருகில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருந்தால் எண்ணெய் அது வழியாக உள்ளே போகும், பழைய தட்டுகளில் சகஜம். அதற்கு வைத்தியமும் எங்கள் ஆட்களுக்கு அத்துப்படி. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டு, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் நாலைந்து நாள் வைத்தால் கறை வெளியே வந்துவிடும்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. அவ என்ன கறையையா திங்கறா?" என்றேன்.

"இப்ப எடுக்கலன்னா அப்படியே தங்கிடும், நொரீன். நாலு நாள்தான். அதுவரைக்கும் வேற தட்டுல குடுப்போம். எதுல வேணும்னாலும் குடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம். நானும் அதற்கு மேல் சண்டை போடவில்லை. அந்தப் பழுப்புக் கோடு என் கண்ணிலும்தான் பட்டது. தட்டு கழுவி வைத்த நிலையில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு சுண்டு சுண்டியிருந்தால் அது கறை இல்லை என்று தெரிந்திருக்கும். அவனும் சுண்டவில்லை, நானும் சுண்டவில்லை. வீட்டுத் தட்டை யார் சுண்டிப் பார்ப்பார்கள்?

மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் தட்டை ஊறப்போட்டு, கொதிகலன் இருக்கும் அலமாரிக்குள் வைத்தான். பெரிலுக்கு மாடு போட்ட தட்டில் வைத்தோம், மயில் போட்ட தட்டில் வைத்தோம். வேட்டைப் படம் போட்ட பெரிய தட்டை ஹோரஸே இறக்கினான்.

"இதுல பாரு பெரில், ஒரு நாய் இல்ல, ஒரு கூட்டமே இருக்கு!"

"அது என் நாய் இல்ல" என்றாள்.

வெறும் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹோரஸ் தினமும் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னும் லேசாத் தெரியுது, நாளைக்கு எடுத்துடலாம்" என்பான். கடைசியில் நான் ஒரு காலையில் சூடான ஓட்ஸ் அடையும் சீஸும் வாங்கிக்கொண்டு போய், "போதும். இப்ப எடு" என்றேன்.

தொட்டியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தான். கையுறை போட்டுக்கொண்டு விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். பாதித் தட்டு கையோடு வந்தது. மறுபாதி தண்ணீரிலேயே கிடந்தது. நாய்க்குட்டி இருந்த சின்னத் துண்டு அதிலிருந்தும் பிரிந்து அடியில் போய்ப் படிந்தது. மேலே நீலமும் வெள்ளையுமாகப் பழைய பெயிண்ட், பால் ஆடை மாதிரி மிதந்தது.

உடைந்த விளிம்பில் மஞ்சளாகப் பசை ஒட்டியிருந்தது. ஒட்டு தெரியாமல் இருக்க மேலே பூசிய பெயிண்ட்தான் மிதந்தது. அவன் அதை விரலால் சுரண்டினான்.

"இது ஒட்டின தட்டு" என்றான். "இருக்க முடியாது. நான் சுண்டிப் பாத்துதான் வாங்கினேன். நீயும் இருந்தியே, கணீர்னு கேட்டுச்சே."

"கேட்டுச்சு."

"அப்போ எங்க வீட்டுக்கு வந்தப்புறம்…"

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். பெரில் அடித்த அதே பெயிண்ட்தான் இன்னும் இருந்தது. நானும் பார்த்தேன்.

அப்போது பெரில் உள்ளே வந்தாள். மேசையில் துண்டுகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை, கூடப் பிறந்த நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓடிவந்து தண்ணீருக்குள் கையை விட்டு நாய்க்குட்டித் துண்டை எடுத்து, தன் கம்பளிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு ஹோரஸை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், பீங்கான் ஒட்டித் தரவர் நீங்கதானே?"

ஹோரஸ் கையிலிருந்த பாதித் தட்டை மேசையில் வைத்தான்.

"தூசி தட்டத்தான் எடுத்தேன் சார். கை வழுக்கிடுச்சு. கோடே தெரியாம ஒட்ட முடியுமா? எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்துடுவாரு."

"பெரில், நல்லாப் பாரு. இது ஹோரஸ்டி" என்றேன்.

"ஷ்! ஹோரஸ்கிட்ட சொல்லிடாதீங்க!" என்று என் வாயைப் பொத்த வந்தாள். திரும்பவும் அவனிடம் போனாள். "ஒட்டின எடத்துல பெயிண்ட் வாசனை வருமாமே? அதுக்கும் வழி வெச்சிருக்கேன் சார். எல்லாத்தையும் இறக்கிட்டு சுவருக்கே பெயிண்ட் அடிச்சுடறேன். வீடு முழுக்க ஒரே வாசனையா இருந்தா அவருக்குத் தெரியாது இல்ல?"

"அவ்ளோ பயமாம்மா அவன்கிட்ட?" என்று ஹோரஸ் கேட்டான். அது அவன் குரலாகவே இல்லை.

"ஐயோ, அவரு நல்லவரு சார். அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. பேசறதை நிறுத்திடுவாரு. எனக்கு அந்த வீட்ல பேச வேற யாரு சார் இருக்காங்க?"

ஹோரஸ் கையுறையைக் கழற்றினான். ஈரமாக இருந்த அவள் கையை, உள்ளே இருந்த துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"சொல்ல மாட்டேம்மா. நான் ஒட்டித் தரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. யாருக்கும் தெரியாது."

எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது அதுவும் முடியவில்லை. அவள் மேலும் கோபம் வந்தது. நான் பீங்கான் கடை வைத்திருக்கிறேன், ஒட்டுகிறவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாக அலைந்திருக்கிறாள். என் வாய் ஓட்டை வாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அவன் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று டீ ஊற்றியிருக்கிறாள்.

ஹோரஸ் தட்டைத் தானே ஒட்டினான். நல்ல ஆளிடம் கொடு என்றேன், கேட்கவில்லை. கடையில் வாங்கிய பசை, பழக்கமில்லாத கை. குறுக்கே கோடு அப்பட்டமாகத் தெரிந்தது. காய்ந்ததும் அதில் புட்டிங் வைத்து, நாய் மறையும்படி கஸ்டர்ட் ஊற்றி, அவள் முன்னால் வைத்தான்.

பெரில் பதறிப்போனாள்.

"இதுல யாரு சாப்பாடு வெச்சது? அவர் வந்துடுவாரு!"

எல்லாவற்றையும் மேசையில் வழித்துக் கொட்டிவிட்டு, தட்டைத் தன் பாவாடையிலேயே துடைத்தாள். அவனிடம் நீட்டினாள். "மாட்டிடுங்க சார். சீக்கிரம்."

"பரவால்ல பெரில், சாப்பிடு. ஹோரஸ் ஒண்ணும் சொல்ல மாட்டான். அவன்தான் உன்னை சாப்பிடச் சொன்னான்" என்றான் ஹோரஸ், யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் பரிதாபப்பட்டுச் சிரித்தாள்.

"உங்களுக்கு அவரைத் தெரியாது சார்."

அவன் நாற்காலியில் ஏறித் தட்டைப் பழைய கொக்கியில் மாட்டினான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, நேராக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நீலத் தட்டு எதை வைத்தாலும் கையை இழுத்துக்கொள்வாள். வெள்ளைத் தட்டில் சாப்பாடு இருப்பது அவளுக்குத் தெரியாது. ஹோரஸ் செய்யாதது இல்லை. கையில் ஊட்டினான், கெஞ்சினான், தரையில் உட்கார்ந்து அழுதான். அந்த ஆள் ஏன் அழுகிறார் என்று அவள் என்னிடம் விசாரித்தாள். ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றினார்கள், கொஞ்ச நாள் தள்ளிப்போட்டார்கள். பிப்ரவரியில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். ஹோரஸ் முந்தின நாளே சுவரில் இருந்த தட்டு அத்தனையையும் இறக்கிக் கழுவி வைத்திருந்தான். ஹாம் சாண்ட்விச், ஊறுகாய் வெங்காயம், கேக் எல்லாம் அதில்தான். அவனைப் போலச் சேகரிக்கிற ஆட்கள் கையில் இருநூறு வருஷத் தட்டைப் பிடித்துக்கொண்டு, கடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் திண்டாடினார்கள்.

"சாப்பிடுங்கப்பா. தட்டு அதுக்குத்தான்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான்.

படகுக்காரனைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு கேக் துண்டு, தொடாமல் அப்படியே இருந்தது. அந்தத் தட்டை விலைக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன டன்னிக்ளிஃப் கிழவர் பக்கத்தில் வந்தார். ஒட்டிய கோடு அவர் கண்ணில் பட்டுவிட்டது. கேக்கை அப்பால் எடுத்து வைத்து, தட்டைக் கையில் வாங்கி, கவிழ்த்துப் பார்த்து, நகத்தால் சுண்டினார்.

டொக்.

அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அந்தச் சத்தத்துக்குத் திரும்பாத ஆள் எங்கள் ஊரில் இல்லை.

"ஹோரஸ்! என்னய்யா இது? யாரு உடைச்சது?"

ஹோரஸ் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் உடைச்சேன்" என்றான்.

"நீயா?"

"நானேதான். என் கையால."

கிழவர் உச்சுக் கொட்டினார். "பெரில் கையில இருந்தவரைக்கும் பத்திரமா இருந்துச்சு. அவ கை அப்படி."

"ஆமா" என்றான் ஹோரஸ். "உங்களுக்குத்தான் தெரியுமே. அந்த வருஷம் நான் லண்டன் பக்கம் போயிருந்தேன். இவ தனியா இத்தனையும் இறக்கி, சுவருக்குப் பெயிண்ட் அடிச்சு, திரும்ப மாட்டியிருக்கா…" வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே கதையை முடித்தான். "ஒரு தட்டுல ஒரு கீறல் விழல."

காது புளித்த கதைதான். அன்றைக்கு முழுக்கக் கேட்டேன். பிறகு கிழவர் கையிலிருந்து தட்டை வாங்கினேன். கேக்கைத் திரும்ப வைத்து, நாய்க்குட்டி மறையும்வரை கஸ்டர்ட் ஊற்றி, ஹோரஸை உட்காரவைத்து அவன் மடியில் வைத்தேன்.

"சாப்பிடு" என்றேன்.